வேஷ டாக்டர் முன்னால் நின்ற வரிசை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச வாருங்கள் என்றுதான் முதலில் அழைத்தார்கள். மைக் கையில் கிடைத்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. மறுநாளே, "எழுதிக் கொடுத்துவிடுங்கள் அம்மா, உங்களுக்கு எதற்கு அலைச்சல்" என்று சொல்லிவிட்டார்கள். எழுதினாலும் நிறுத்த மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மாட்டிக்கொண்டது நீங்கள்தான்.

நீங்கள் எல்லோரும் "சமூகத் தாக்கம்" என்று வாய் நிறையச் சொல்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. சேலத்தில் படித்து முடித்ததும் மதராஸில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கு வாசகம் எழுதும் வேலை கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சியில் அரிசி மண்டிக்கு மேலே மாடியில் இருந்த, ஊர் ஊராகச் சுகாதாரப் பிரச்சாரம் செய்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சின்னசேலத்தில் எங்கள் வீட்டில் ஒரே ரகளை.

"சோப்பு வித்தா சம்பளம் தர்றேன்னு கூப்புடறான். நீ இன்னாடான்னா கை கழுவுங்க கை கழுவுங்கன்னு மைக்ல கத்திக்கினு ஊர் ஊரா போறேன்ற. சோப்பே இல்லாதவங்கிட்ட போயி இன்னாத்தடி கழுவச் சொல்லுவ?" என்றாள் அம்மா.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். நம் தொழிலைப் பற்றி அதைவிட நல்ல கேள்வியை எங்கேயும் கேட்டதில்லை.

எப்படி எழுத வேண்டும், எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் ஒரு சந்தை நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்கு நடுவில் ஒரு கட்டத்தில் சிரிக்க முடியவில்லை.

கல்வராயன் மலையில் மழைக்காலம் தொடங்கினால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும். மலைமேலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. ஆனால் ஜனங்கள் நம்பியது வேறு ஒரு ஆளை. சந்தை நாளில் கீழேயிருந்து மொபெட்டில் ஒருவன் வருவான். தோள் பையில் ஊசி, மருந்து. டாக்டர் படிப்பெல்லாம் கிடையாது. முட்டி வலியானாலும் சரி, பேதியானாலும் சரி, ஒரே ஊசி. புள்ளைக்குப் பேதி கண்டால் சந்தை நாள் வரட்டும் என்று தாய்மார்கள் காத்துக்கொண்டு இருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் குழந்தைகள் போய்க்கொண்டிருந்தன. உடம்பில் தண்ணீர் வற்றிப்போகாமல் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அதிலும் தேறாவிட்டால் உடனே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடும். அதைச் சொல்ல நாங்கள் ஒரு தெரு நாடகம் போட்டோம். எழுதியது நான்.

நாடகத்தில் ஒரு நல்ல நர்ஸ் உண்டு. அவளுக்கு நான் பக்கம் பக்கமாக அறிவுரை எழுதியிருந்தேன். ஒரு போலி ஊசி டாக்டரும் உண்டு. அந்த வேஷத்துக்கு மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து தாண்டவராயன் என்ற கூத்துக் கலைஞரைப் பிடித்து வந்தோம். வருஷக்கணக்காகக் கட்டியக்காரன் வேஷம் கட்டி ஜனங்களைச் சிரிக்க வைத்தவர். தாண்டவண்ணன் வாயைத் திறந்தால் போதும், அடுத்த வீட்டுக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும்.

ஒத்திகையில் ஊசிக்குப் பதிலாக சைக்கிள் பம்பை வைத்துக்கொண்டு அவர் செய்த கூத்தில் எங்களுக்கு வயிறு வலித்தது. ஆனால் எங்கள் குழுவில் எல்லோரும் படித்தவர்கள் ஆயிற்றே, சும்மா இருப்போமா? நிஜம் போல இருக்க வேண்டும் என்று பேசிப் பேசி முடிவு செய்தோம். வெள்ளைக் கோட்டு தைத்தோம். பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்று வாங்கினோம். ஊசி முனையைக் கழற்றிவிட்ட நிஜ சிரிஞ்சு வந்தது. அதில் சிவப்புக் கலர் சோடாவை ஊற்றி வைத்தோம். தாண்டவண்ணன் தன் பங்குக்கு ஒரு வசனத்தைச் சேர்த்துக்கொண்டார். சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, "ஒரே குத்து, பேதி அவுட்டு!" என்பார்.

எலவனாசூர்கோட்டையில் போட்டோம், மணலூர்பேட்டையில் போட்டோம். கைத்தட்டல் காதைப் பிளந்தது. அந்தத் தெம்பில் ஜீப்பை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். வெள்ளிமலையில் அன்று சந்தை. ஊசிக்காரன் ஏனோ அன்று வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டோம்.

நாடகம் பிரமாதமாக நடந்தது. நர்ஸ் பேசும்போது ஜனங்கள் மிளகாய் விலை பேசினார்கள். தாண்டவண்ணன் வந்தால் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, அடுத்த நொடி வெடிச்சிரிப்பு. முடிந்ததும் நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டிருந்தோம். தாண்டவண்ணன் கோட்டைக்கூடக் கழற்றாமல் பலாமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தால் அவருக்கு முன்னால் ஒரு வரிசை.

முதலில் நின்றவர் ஒரு பெரியவர். வேட்டியை ஏற்றி முட்டியைக் காட்டினார்.

"டாக்டரே, மடக்க முடியல. ஒரு ஊசி போடு."

"ஐயே, நா டாக்டர் இல்லீங்க பெரியவரே. கூத்துக்காரன்."

"தெரியும்யா. கூத்து நல்லாத்தான் கட்டுன. இப்ப வேலையப் பாரு."

"நெசமாத்தான் சொல்றேங்க. இந்தக் கோட்டுகூட என்னுது இல்ல."

"டாக்டரு இல்லாதவனுக்கு இவ்ளோ லாவகமா ஊசி புடிக்க வருமா? யார்கிட்ட கத வுடற?"

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. ஊசிக்காரனை நம்பாதீர்கள் என்று சொல்ல நாடகம் போட்டோம். நாடகம் முடிந்ததும் புதிதாக ஒரு ஊசிக்காரனை நாங்களே கொண்டுவந்து இறக்கியிருக்கிறோம். அவர்கள் மேல் தப்பே கிடையாது. நம் பக்கத்துக் கூத்தில் வேஷம் கட்டிய ஆளிடம் குழந்தையை நீட்டி விபூதி வாங்குவது வழக்கம். வேஷம் கலைகிற வரைக்கும் கட்டிய ஆள் அந்தச் சாமிதான். அந்த மலையிலும் கூத்து உண்டு. டாக்டர் வேஷம் கலையாமல் நின்ற தாண்டவண்ணன் வேறு யாராக இருக்க முடியும்?

சிரித்துக்கொண்டேதான் வரிசையைக் கலைக்கப் போனேன். பெரியவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். இருபது வயதிருக்கலாம். தோளில் ஒரு குழந்தை. என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அழுதது, ஆனால் சத்தமும் இல்லை, கண்ணீரும் இல்லை. வயிற்றுத் தோலை லேசாகப் பிடித்து விட்டேன். பிடித்தபடியே மடிப்பாக நின்றது. இந்த அறிகுறிகளை எல்லாம் நர்ஸ் வசனத்தில் நானே எழுதியிருந்தேன். எழுதுவது வேறு, கையில் தொட்டுப் பார்ப்பது வேறு.

"ஏம்மா, இந்தக் கொழந்தைய உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவணும்" என்றேன்.

"ஆஸ்பத்திரி வேணாம். நீ போ, இந்த டாக்டரே பாக்கட்டும்."

மலையில் எல்லோரையும் "நீ" என்றுதான் பேசுவார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. தாண்டவண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் யோசிக்க நேரமில்லாமல் யோசிக்க வேண்டியிருந்தது. இவள் என்னை நம்பவில்லை, கோட்டை நம்புகிறாள். அப்படியானால் கோட்டே சொல்லட்டும். தாண்டவண்ணன் காதில், "டாக்டராவே சொல்லிடுங்கண்ணே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு மெரட்டுங்க" என்றேன். பொய்தான். குழந்தை கண்ணெதிரே வாடிக்கொண்டிருக்கும்போது பொய், நிஜம் என்று தராசு பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வேலைக்கு ஆகவில்லை.

தாண்டவண்ணன் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இது பெரிய கேஸும்மா. நா பாக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

அவள் சட்டென்று கேட்டாள்: "நீதான சொன்ன, ஒரே குத்து பேதி அவுட்டுன்னு? எல்லாருக்கும் குத்துற, எம்புள்ளைக்கு மட்டும் முடியாதா?"

சுற்றி நின்றவர்கள், "அதான, போடுய்யா" என்றார்கள். எங்கள் நாடகத்திலேயே ஜனங்கள் மனதில் நின்ற ஒரே வசனம் அதுதான். அது இப்போது எங்கள் கழுத்தைப் பிடித்தது.

தாண்டவண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி மரக்கிளையில் போட்டார். பனியனோடு நின்று, சிரிஞ்சை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தன் வாய்க்குள் பீய்ச்சிக்கொண்டு விழுங்கினார்.

"கலரு சோடா! ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. நா டாக்டரும் இல்ல. பாத்துக்கோங்க, வாயெல்லாம் செவப்பு" என்று நாக்கை நீட்டிக் காட்டினார்.

சந்தை கொல்லென்று சிரித்தது. "அப்ப என் முட்டி?" என்று பெரியவர் கத்தினார். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் திரும்பினேன். அந்தப் பெண் வரிசையில் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் விடுவிடுவென்று போய்க்கொண்டிருந்தாள். எல்லோரும் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

ஓடினேன். பயத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளைப் பிடித்து, உன் குழந்தை செத்துவிடும் என்று உலுக்க வேண்டும் போலிருந்தது. நான் முன்கோபக்காரி, கத்துவது எனக்குச் சுலபம். ஆனால் காலையிலிருந்து நாங்கள் சொல்லிக்கொண்டேதானே இருந்தோம்? மைக் வைத்துச் சொன்னோம், பாட்டுப் பாடிச் சொன்னோம், பொய்யாகச் சொன்னோம், நிஜமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டோம். அவளிடம் இன்னும் ஒரு வார்த்தைகூட யாரும் கேட்கவில்லை.

"உம்பேரு இன்னாம்மா?" என்றேன் பக்கத்தில் நடந்துகொண்டே.

"ராமாயி."

"ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு வேணாம்ன்ற?"

அவள் நடையைக் கூட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சாதனை என்று.

கொஞ்ச தூரம் போய் அவளாகவே நின்றாள். "அங்க போனா கீழ கொண்டு போன்னு சொல்லிடுவாங்க. எனக்குக் கீழ ஒண்ணுந் தெரியாது. பஸ்ஸுல எங்க எறங்கணும், யார கேக்கணும், எங்க படுக்கணும்? எங்க வூட்டுக்காரு எஸ்டேட் வேலைக்குப் போயிருக்காரு. புள்ளய வச்சிக்கினு நா மட்டும் எங்க போயி நிப்பேன்?"

ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் எழுதிய அத்தனை பக்கங்களில் இவளுடைய இந்தப் பயத்துக்கு ஒரு வரி கிடையாது.

அன்று மத்தியானம் சேராப்பட்டில் இன்னொரு காட்சி இருந்தது. ஜனங்கள் கூடியிருப்பார்கள். நாடகத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத்தான் பணம் கொடுத்தவர்கள் கேட்பார்கள். அதெல்லாம் மனதில் வந்தது, வராமல் இல்லை. வந்த வேகத்தில் போய்விட்டது.

"நா கூட வரேன். கீழ அனுப்புனா கீழயும் வரேன். உன்னத் திரும்ப உங்க ஊருல கொண்டாந்து வுட்டுட்டுத்தான் எங்க வூட்டுக்குப் போவேன்" என்றேன்.

ராமாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தாளும் வருவானா?"

"யாரு?"

"கலரு குடிச்சவன். அவன்தான் நெசத்த ஒத்துக்கினான்."

ஜீப்பில் நாங்கள் எல்லோருமே ஏறிக்கொண்டோம். யாரை இறக்கிவிடுவது? டீக்கடையில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் வாங்கி, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, தாண்டவண்ணன் மடியில் டம்ளரை வைத்துக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். குளிருக்குக் கோட்டை மறுபடி மாட்டியிருந்தார். குழந்தை துப்பினால் ராகம் போட்டுப் பாடினார். வாங்கிக்கொண்டால் அதற்கும் ஒரு பாட்டு. டிரைவர் காதர் பாய் ஒவ்வொரு குழியிலும் "யா அல்லா" என்றார். நர்ஸ் வேஷக்காரப் பெண் ராமாயியின் கையை விடவே இல்லை.

சுகாதார நிலையத்தில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாகக் குழந்தையோடு தாண்டவண்ணன் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார். எந்த ஆஸ்பத்திரியிலேருந்து வர்றீங்க?"

"கூத்துக் கம்பெனிங்க" என்றார் தாண்டவண்ணன்.

அந்த டாக்டரின் முகத்தை விளக்க எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் கேள்வி எதுவும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டார். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. தேடித் தேடி ஒருவழியாகப் பிடித்தார். வழியில் கொடுத்தது உதவியிருக்கிறது, கீழே அனுப்ப வேண்டியதில்லை, இங்கேயே பார்க்கலாம் என்றார். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். தாண்டவண்ணன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளேயிருந்து வீறிட்டு ஒரு அழுகை. எல்லோரும் எழுந்து ஓடினோம். குழந்தை கை கால் உதைத்து அழுதுகொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ராமாயி சிரித்துக்கொண்டே அழுதாள். நாங்கள் போட்ட கூச்சலில் நிஜ நர்ஸ் வந்து எங்களை வெளியே துரத்தினார். என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷமாகத் திட்டு வாங்கியதில்லை.

குழந்தை தேறியதும் ராமாயியை அவள் ஊரில் விட்டுவிட்டுக் கீழே வந்தோம். அலுவலகத்தில் ஒரு பெரிய விவாதம். போலி டாக்டர் பாத்திரத்தையே எடுத்துவிடலாமா, சைக்கிள் பம்புக்கே திரும்பிவிடலாமா என்று. ஜனங்களுக்குப் பிடித்த ஆளை எடுத்துவிட்டு எதைக் காட்டுவது என்று நான் சண்டை போட்டேன். தாண்டவண்ணன், "சிரிஞ்சே இருக்கட்டும்மா. கடைசியில நா குடிச்சிடறேன்" என்றார். நர்ஸ் வசனத்தில் பாதியை நானே வெட்டினேன். என் எழுத்தை நானே வெட்டியதால் கொஞ்சம் வலித்தது. அந்த இடத்தில், பார்க்கிறவர்களிடம் நர்ஸ் கேள்வி கேட்பதாக வைத்தோம்: ஆஸ்பத்திரிக்குப் போக உங்களுக்கு என்ன தடை? கூட வர ஆள் வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

அதை வைத்துக்கொண்டு மறுபடி அதே சந்தைக்குப் போனோம். கூட்டம் முன்னைவிட ஜாஸ்தி. மொபெட்காரனும் அன்று வந்திருந்தான். புளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, நாடகம் முடியட்டும் என்று காத்திருந்தான்.

தாண்டவண்ணன் சிரிஞ்சைத் தூக்கினார். "ஒரே குத்து..." என்று ஆரம்பித்தார்.

"அது கலரு! நம்பாதீங்க!"

கூட்டத்தின் நடுவில் ராமாயி எழுந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு முறுக்கோடு. எங்கள் நாடகம் அந்த நொடியில் உடைந்தது. கட்டியக்காரன் ஆயிற்றே, தாண்டவண்ணன் விடவில்லை.

"யாரும்மா நீ, எம்பொழப்ப கெடுக்கற?"

"நீ வாயெல்லாம் செவப்பா நின்னத நா பாத்தேன் இல்ல? இதோ எம்புள்ள. இவன் பொழச்சது உங்குத்துல இல்ல" என்றாள். பிறகு நடந்தது முழுவதையும் அவளே சொன்னாள். பலாமரம், ஜீப்பு, பாட்டு, கண்ணீர் எல்லாம். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். சொல்லி முடித்ததும் அவள் பார்வை புளி மூட்டைப் பக்கம் போனது.

"ஏய், உம்மருந்து இன்னா மருந்து? அவன் குடிச்சிக் காட்டுனான். நீயும் குடி பாப்போம்."

சந்தையே அவன் பக்கம் திரும்பியது. "ஊசி மருந்த எப்பிடிக் குடிக்கிறது?" என்று முனகினான். அது சரிதான். எந்த ஊசி மருந்தையும் அப்படிக் குடிக்க முடியாது. மருத்துவப்படி பார்த்தால் ராமாயியின் கேள்வி தப்பு. ஆனால் அந்தச் சந்தையில் அவனை அதுவரை யாரும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. "அப்ப பேர சொல்லு. எதுக்குப் போடறன்னு சொல்லு" என்று முட்டிப் பெரியவர் பிடித்துக்கொண்டார். ஆளுக்கு ஒன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அவன் பையை மூடி மொபெட்டில் மாட்டினான். வண்டி உதைத்து உதைத்துக் கிளம்பவில்லை. இரண்டு பேர் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள்.

நான் பூரித்துப்போய் மைக்கை எடுத்தேன். இதுதான் சமயம், உப்பு சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி இப்போது சொன்னால் மனதில் பதியும் என்று நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் ராமாயி என் பக்கம் திரும்பினாள்.

"இரு. நீ இன்னா சொல்லப்போற? அந்தத் தண்ணியா?"

"ஆமா ராமாயி. உன் கொழந்த குடிச்சதே, அதான்."

"எம்புள்ள குடிச்சான். நீ குடிச்சியா?"

நான் குடித்ததே இல்லை. ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன், சுவரில் எழுத வைத்திருக்கிறேன், ஒரு வாய் குடித்துப் பார்த்ததில்லை. தாண்டவண்ணன் ஒரு டம்ளரில் கலக்கி நீட்டினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். ராமாயி என் தொண்டையையே பார்த்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னாள். கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"செரி, இப்ப சொல்லு. கேட்டுக்கறோம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் பேச ஆரம்பித்தேன்.